முள் அசையாத வண்டி

சனிக்கிழமை ராத்திரி
அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார்.
வெளியே தெரிவது இரண்டு பாதம்,
டார்ச் பிடித்த என் கை.
"அங்க இல்ல பாப்பா, இங்க காட்டு."
ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றி
தோல் வாரால் ஓரமாகக் கட்டிவிட்டு
கிரீஸ் கையோடு எழுந்து வருவார்.

முதலாளியின் மெட்டடார் அது.
வாரம் ஆறு நாள் பச்சைத்தோல் ஏற்றும்.
ஏழாம் நாள் எங்களை.

"டீசல் நம்ம காசு" என்பார் அம்மாவிடம்
அம்மா எதுவும் கேட்காதபோதே.

இரண்டு தரம் பினாயில் ஊற்றிக் கழுவுவாள் அம்மா.
ஊதுவத்திகூடக் கொளுத்திப் பார்த்தாள்.
உப்பும் சுண்ணாம்பும் ஊறிய அந்த வாடை
புளிச்சோற்றுத் தூக்குக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
முள்ளுக் கத்தரிக்காய்ப் பொரியல் மட்டும்
எப்படியோ தப்பித்துவிடும்.

ராணிப்பேட்டை விட்டுப் பாலாற்றுப் பாலம் ஏறினால்
தயாளன் தவறாமல் கேட்பான்:
"ஆறு எங்கப்பா?"
"மணலுக்கு அடியில ஓடுது.
கண்ணுக்குத் தெரியாம ஓடுது."

விஷாரத்தில் முதலாளி வீடு.
அங்கே வந்ததும் பின்னால் நாங்கள்
சாக்குக்குள் சாக்காய்க் குனிந்துகொள்வோம்.
மூச்சைக்கூட அடக்குவோம்.
தாண்டியதும் அப்பா ஒரு ஹாரன் கொடுப்பார், சின்னதாய்.
இனி நிமிரலாம், சத்தம் போடலாம்,
வேலூர் மலைகளுக்குப் பெயர் வைக்கலாம்.
இது குந்தின யானை. அது சித்தப்பா தொப்பை.

அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் நான்.
எதிரே மீட்டரில் முள்
பூஜ்யத்தின் மேல் படுத்துக் கிடக்கும்.
கணியம்பாடிப் புளியமரங்கள் பறந்துபோகும்.
ரொம்ப நாள் நான் நம்பிக்கொண்டிருந்தேன்,
வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது
அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி
மலையை வரவழைக்கிறார் என்று.

ஏலகிரி அப்படித்தான் வந்தது, ஒருமுறை.
ஒன்பதாவது வளைவில் தயாளன் வாந்தியெடுக்க
பாதி மலையோடு திரும்பிப் போய்விட்டது.

அமிர்தி நாலு முறை வந்தது.
மூன்று முறை வெறும் பாறை.
"போன வாரம் கொட்டுச்சு சார்" என்பார் காவலாள்.
அந்த ஈரத்தைக் காட்டி அப்பா
அருவி எங்கே விழும், எப்படித் தெறிக்கும்
என்று கையால் விழுந்து காட்டுவார்.
மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

நாலாம் முறை தண்ணீர் இருந்தது.

அம்மா புடவையோடு நின்றாள்.
சிரித்தாளா அழுதாளா
தண்ணீருக்குள் யாருக்குத் தெரியும்.
தயாளன் டவுசர் பை நிறையக் கூழாங்கல் பொறுக்கினான்.
ஈர டவுசர் பின்கதவில் காய்ந்தபடி வந்தது.
அங்கேயே மறந்தோம்.

திங்கட்கிழமை சாயங்காலம்
அப்பா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.
உள்ளே டவுசர்.
துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாய் மடித்து.
கல் ஆறும் தனியே ஒரு பொட்டலமாய்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.
"ஒன்னும் சொல்லல."
அன்று அப்பா சாப்பிடவில்லை.
ஏசியிருந்தால் போயிருப்போம் இன்னும் பல இடம்.
அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில்
அப்பா செருப்பு தைத்தார், ரேடியோ பிரித்தார், தூங்கினார்.
டார்ச்சில் பேட்டரி கசிந்து துருப்பிடித்தது.

*

போன மாதம் சத்துவாச்சாரியில்
பழைய ஆம்னி ஒன்று விலைக்குப் பார்த்தேன்.
மெக்கானிக் நல்ல மனுஷன்.
புரோக்கர் டீ வாங்கப் போன நேரம்
காதருகே குனிந்து சொன்னார்:
"மேடம், முப்பதாயிரம்னு காட்டுது, நம்பாதீங்க.
கேபிளைக் கழட்டிப்போட்டு ஓட்டியிருக்கானுங்க.
எங்கெங்க போச்சோ, எவ்ளோ ஓடுச்சோ."

பின்சீட்டில் கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.

பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
மெக்கானிக் இன்னும்
என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.